சின்னன் வைத்த இரண்டாம் வாசல்

ஏற்காட்டு மலையில், நாகலூருக்குக் கிழக்கே எழும் கரட்டுக் குன்றின் அடியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சிறு குடியிருப்பு உண்டு. மேலே பஸ் போகும் சாலையில் நின்று பார்த்தால் அங்குள்ள வீடுகள் அத்தனையும் ஒரே திசையில் முகம் வைத்திருப்பது தெரியும். அந்த ஒழுங்குக்குக் காரணம் ஒரே ஆள், சின்னன். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் முதல் முளையை அடித்தவர் அவர்தான்.

அவர் கொத்தனார் இல்லை. சோதிடமும் தெரியாது. அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் காப்பி, நிழல் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, வேலி ஓரத்தில் சில கமலா ஆரஞ்சு மரங்கள், மேட்டுப் பகுதியில் சாமை. அதுதான் அவர் பிழைப்பு. முளை அடிப்பது கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்த காரியம். அதற்கு ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொள்வார். வேறு எதைக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

அவர் முறை இதுதான். சாமை அறுத்து, காப்பிப் பழமும் பறித்து முடிந்த தை மாதத்தில்தான் மலையில் வீட்டு வேலை தொடங்குவார்கள். குறித்த நாளில் விடிவதற்கு முன்பே சின்னன் குளித்துவிட்டு அந்த இடத்துக்குப் போய்விடுவார். நடுவில் மூங்கில் முளை ஒன்றை அடித்துவிட்டுக் கரட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்தே சூரியன் கரட்டு உச்சிக்கு மேலே தலை காட்டும். முதல் வெயில் முளையில் பட்டு நிழல் விழுந்ததும், அந்த நிழல்மேல் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். கயிறு போகும் போக்கில் வீடு. சூரியன் பக்கத்து முனையில் வாசல். "இதுதானுங்க கெழக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அதற்குமேல் அங்கே பேச்சு இல்லை.

தமது சொந்த வீட்டையும் 1974 தை மாதத்தில் அப்படித்தான் கட்டினார். கல் அஸ்திவாரம், மண் சுவர், நாட்டு ஓடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு, பக்கத்தில் ஒரு அறை. மார்கழி, தை குளிரில் கரட்டைத் தாண்டி வரும் முதல் வெயில் வாசல் வழியே நேராக உள்ளே வந்து பின்சுவரில் சாமி மாடத்தின்மேல் விழும். அந்த வெயிலில் உட்கார்ந்து ராகிக் கூழ் குடிப்பது அவருக்குப் பிடித்த காரியங்களில் ஒன்று.

வாசல் ஒன்றுதான். அது அவர் வகையறாவின் வழக்கம். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தால் குடும்பம் இரண்டாகும் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். பெரியப்பா வீட்டில் பின்வாசல் வைத்த மறுவருஷமே அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டதைச் சின்னன் கண்ணாலேயே பார்த்தவர். ஆகவே சமையற்கட்டில் புகை போக ஒரு சன்னல் மட்டும் வைத்தார்.

தண்ணீர், வீட்டுக்கு வடக்கே பள்ளத்தில் இருந்த ஊற்றிலிருந்து வரவேண்டும். பெண்கள் குடத்தோடு ஏறி வரும் வழி சமையற்கட்டுச் சுவரை உரசிக்கொண்டு போகும். ஆனால் அங்கே உள்ளே நுழைய வழி கிடையாது. கற்படிகளில் முன்முற்றத்துக்கு ஏறி, சுற்றி வந்து, வாசற்படி தாண்டி, கூடத்தில் யார் இருந்தாலும் ஒதுங்கி நடந்து, அதே சுவரின் உட்பக்கத்துக்கு வந்து குடத்தை இறக்கவேண்டும். அவர் மனைவி அத்தாயி அப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் சுமந்தாள். அதைப்பற்றி அவள் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

அவர்களுக்குப் பொன்னுவேல் ஒரே மகன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்துப் பக்கம் ஆணி, சிமெண்ட், தகரம் விற்கும் கடையில் வேலை. 1993இல் அவனுக்குக் கொட்டச்சேட்டிலிருந்து சின்னத்தாயியைக் கட்டி வைத்தார்கள். கெட்டிக்காரப் பெண், பேச்சு குறைவு. வந்த முதல் வருஷமே அத்தையிடம் ஒன்று கேட்டாள். சமையற்கட்டுச் சுவரில் ஒரு கதவு வைத்தால் என்ன என்று. அத்தாயி அதை இரவுச் சோற்றோடு சேர்த்துக் கணவரிடம் வைத்தாள். சின்னன் சோற்றைப் பிசைந்துகொண்டே, இந்த வீடு இரண்டாகப் போவதற்கு நான் வழி வெட்டிக் கொடுக்கமாட்டேன் என்றார். சின்னத்தாயி கூடத்து மூலையில் நின்று கேட்டாள். மறுபடி அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

அவளுக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்து மாதம் வரை நின்றது. 1996 கார்த்திகையில், நாள் முழுவதும் மூடுபனி இறங்கிக் கிடந்த ஒரு வாரத்தில், அதுவும் போயிற்று. ஏற்காட்டில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அங்கிருந்தே அம்மா காளியாயி அவளைக் கொட்டச்சேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். உடம்பு தேறட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மார்கழி போயிற்று, தை போயிற்று. உடம்பு தேறியது. அவள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பொன்னுவேல் கேட்டபோது, அந்த வீட்டுக்கு இனிமேல் வரமுடியாது என்று மட்டும் சொன்னாள். காரணத்தை அவனே கண்டுபிடித்துக்கொண்டான். கண்டுபிடித்தது கடையில்தான். அந்த வருஷங்களில் சிமெண்ட் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் இருந்த வாசலை அடைத்து இல்லாத இடத்தில் வாசல் திறக்கிறவர்களாக இருந்தார்கள். முதலாளியே தம் வீட்டுப் படிக்கட்டை ஒரு தடவை இடித்து மாற்றியிருந்தார். வாசல் சரியில்லாத வீட்டில் கரு தங்காது என்று அவர்தான் சொன்னார். பொன்னுவேல் வந்து அப்பாவிடம் நேராகவே பேசினான். வாசலைப் பார்க்க ஆள் கொண்டுவருகிறேன், அவர் சொல்வதைச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஏற்காட்டில் அறை எடுத்து அவளோடு அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றான். ஒற்றை வாசலைக் கட்டிக் காத்த வீடு அப்போதே பாதி காலியாகிக் கிடந்தது. சின்னன் சரி என்றார்.

மாசி மாதத்தில் சேலத்திலிருந்து வாஸ்துக்காரர் வந்தார். சபாரி உடுப்பு, கையில் தோல் பை. வாசற்படியில் ஒரு திசைகாட்டியை வைத்து, முள் நிற்கும்வரை மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு கூடத்தின் நடுவில் ஒரு தடவை, சமையற்கட்டில் ஒரு தடவை. கடைசியில் முற்றத்துக்கு வந்து, வாசல் கிழக்கே இல்லை, தென்கிழக்கே அக்கினி மூலையைப் பார்க்கிறது என்றார்.

சின்னன் கோபப்படவில்லை. "சூரியன் வர்ற பக்கம் கெழக்கு இல்லீங்களா?" என்று கேட்டார்.

"கெழக்குலதாங்க கெளம்புது. உங்க கரடு சும்மா உடுதுங்களா? அதைத் தாண்டி வர்றதுக்குள்ள பாதி தெக்க நடந்திருது. அதுவும் தை மாசத்துச் சூரியன், கெளம்பறப்பவே தெக்க சாஞ்சுதான் கெளம்பும்."

அவர் இரண்டு பரிகாரம் சொன்னார். சுவரை இடிக்க வேண்டியதில்லை, நிலைக்கதவை மட்டும் பெயர்த்துச் சரியான கிழக்குக்குத் திருப்பி வைத்தால் போதும். இரண்டாவது, வாசலுக்கு எதிரே கரடு இருப்பதால் அதன் பாரம் வீட்டின்மேல் விழுகிறது. அதற்குப் பையிலிருந்து எட்டு மூலை வைத்த சிறு கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாகச் சுற்றிலும் கோடுகள். இது சீன தேசத்து வாஸ்து, பெங் சூயி என்பார்கள், வாசலுக்கு மேலே மாட்டினால் எதிரே இருப்பதைத் திருப்பி அனுப்பிவிடும் என்றார்.

அத்தாயி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "அம்மாம் பெரிய கரட்டையுமுங்களா?" என்றாள். வாஸ்துக்காரர் சிரிக்கவில்லை.

சின்னன் கேட்டதை அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. பங்குனியில் ஒரு நாள் இருட்டோடு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் கரட்டு உச்சிக்கு ஏறினார். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரியும். மறைக்க எதுவும் கிடையாது. சூரியன் தரையை ஒட்டிக் கிளம்பிய இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கீழே தமது வீட்டையும் மற்ற வீடுகளையும் பார்த்தார். அவை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முளையும் தை மாதத்திலேயே அடித்தது. ஒவ்வொரு முளைக்கும் அதே கரடுதான் எதிரே நின்றது. அதனால் ஒரு வீடு தப்பு என்று காட்ட இன்னொரு வீடு இல்லாமல் போயிற்று. பிறகு இறங்கி வந்தார்.

சித்திரையில் வாசலைத் திருப்பினார்கள். கொத்தனார் ஸ்தனிஸ்லாஸ், ஏற்காட்டிலிருந்து வந்தவர். வாஸ்து, முளை இரண்டிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை, இரண்டாலும் வேலை கிடைத்தது. நிலையைப் பெயர்த்து, திசைகாட்டி சொன்னபடி ஒரு பக்கம் வெளியே தள்ளி மறுபக்கம் உள்ளே அமுக்கி வைத்தார். பூசி முடித்துச் சாலை வரைக்கும் ஏறிப்போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"பெரியவரே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊடு ஒரு பக்கம் பாக்குது, கதவு ஒரு பக்கம் பாக்குது. மாறுகண்ணுப் பொண்ணாட்டம் இருக்குதுங்க."

"இருந்துட்டுப் போவுது" என்றார் சின்னன்.

கண்ணாடியையும் மாட்டினார்கள். மறுநாளே ஒரு கொண்டைக்குருவி அதில் தன்னைக் கண்டு எதிரி என்று நினைத்துக் கொத்தத் தொடங்கியது. விடிந்தால் டொக் டொக் என்று அதே சத்தம். கரடு திரும்பிப் போனதாகத் தெரியவில்லை, குருவி மட்டும் போகமாட்டேன் என்றது. வாசற்படியெல்லாம் எச்சம். கடைசியில் அத்தாயி கண்ணாடிமேல் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டாள்.

வாசல் திரும்பிவிட்டது என்று பொன்னுவேல் கொட்டச்சேட்டுக்குப் போய்ச் சொன்னான். சின்னத்தாயி கேட்டுக்கொண்டாள். வரவில்லை. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் இரண்டு குடும்பமும் ஒரே கூட்டத்தில் மலை ஏறியது. அத்தாயி மருமகளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டாள், அம்மாவோடு இறங்கிப் போனாள். பொன்னுவேல் ஏற்காட்டில் அறை பார்க்க ஆரம்பித்தான். இன்னொரு வாஸ்துக்காரரையும் விசாரித்தான்.

ஆனி பிறந்ததும் சின்னன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மாமனார் தனியாகப் போய் மருமகளைக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. யாராவது நடுவில் போகவேண்டும். அவர் நடுவில் யாரையும் விடவில்லை. ஏற்காட்டில் பஸ் மாறிக் கொட்டச்சேட்டில் இறங்கியபோது தூறல். காளியாயி பாய் விரித்து, காப்பி கொடுத்து, மழை பற்றியும் காப்பிக் கொட்டை பற்றியும் பேசினாள். சின்னத்தாயி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலை ஓரம் மட்டும் தெரிந்தது.

அவர் சேலை ஓரத்தைப் பார்த்தே பேசினார். தாம் கரட்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னார். முளை தப்பிப்போனதைச் சொன்னார். அதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை. "வாசலைத் திருப்பியாச்சு சாமி. இன்னும் என்ன கொறைன்னு சொல்லு."

சின்னத்தாயி கதவு ஓரத்துக்கு வந்தாள்.

"வாசல் எந்தப் பக்கம் பாத்தா என்னங்க மாமா" என்றாள். "தண்ணிக் கொடம் அந்தப் படியேறித்தானுங்க வரோணும்."

காளியாயி மகளை அடக்கப் பார்த்தாள். அவள் நிறுத்தவில்லை. சத்தமும் போடவில்லை.

"கார்த்திகையில அந்தப் படியிலதான் வழுக்கி உழுந்தனுங்க. பாசி. கொடத்தோட உழுந்தேன். ராத்திரி வந்து, கொடம் எப்பிடி நசுங்குச்சுன்னு கொடத்தக் கேட்டீங்க. என்னையக் கேக்கலீங்க."

சின்னனுக்கு அந்தக் குடம் ஞாபகம் வந்தது. அவள் சீரோடு கொண்டுவந்த பித்தளைக் குடம். அடுப்படியில் இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வயிற்றில் இருந்த நசுங்கலைத் தடவி, பாத்திரத்தை இப்படியா புழங்குவது என்று அத்தாயியைக் கடிந்துகொண்டார். அதற்கு இரண்டாம் நாள்தான் ஆஸ்பத்திரி. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். அடுப்படியில் இருந்து அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினார். அறுபத்தாறு வயது. அதுவரை அவர் ஊற்றிலிருந்து குடம் சுமந்ததில்லை. ஆண்கள் சுமப்பதில்லை. நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். சமையற்கட்டுச் சுவர் பக்கத்தில் வரும்போதே மூச்சு வாங்கியது. உள்ளே அத்தாயி மிளகாய் வறுக்கும் நெடி சன்னல் வழியே வந்தது. கை நீட்டினால் அடுப்பைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. அங்கிருந்து படியேறினார். மூன்றாம் கல் ஆடியது. குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் முதுகில் இறங்கியது. முற்றத்தைச் சுற்றி, கோணலாக நின்ற நிலைக்குள் நுழையும்போது குடம் நிலையில் இடித்தது. திருப்பி வைத்த பிறகு அந்த வாசல் முன்னைவிடக் குறுகலாகியிருந்தது.

அத்தாயி கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"என்னுங்க கூத்து இது? யாராச்சும் பாத்தா நான் செத்துப் போயிட்டேனாக்கும்னு நெனப்பாங்க."

அவர் குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். "இத்தனை வருசம் நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னாக் கேட்டுருப்பீங்களாக்கும். அந்தப் புள்ள சொல்லுச்சே, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இல்லைன்னீங்க." அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு, "எறங்கினதுதான் எறங்கினீங்க, இன்னொரு நடை போயிட்டு வாங்க. தொட்டி பாதிதான் இருக்குது" என்றாள்.

அவர் இன்னொரு நடை போனார். இந்தத் தடவை படி ஏறவில்லை. ஊற்றிலிருந்து, சுமையோடு கால் எப்படிப் போகிறதோ அப்படியே வந்து, சமையற்கட்டுச் சுவரில் எங்கே முட்டினாரோ அங்கே நின்றார். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியே அத்தாயியிடம் கரித்துண்டு வாங்கிச் சுவரில் கோடு போட்டார்.

ஆனி மாதத்தில் யாரும் வீட்டுச் சுவரில் கை வைப்பதில்லை. ஸ்தனிஸ்லாஸ்கூட அதைச் சொல்லிப் பார்த்தார், தமக்காக இல்லை, நாளைக்குத் தம்மைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக. மழை பிடித்துக்கொள்ளும் முன் முடிக்கவேண்டும் என்று மட்டும் சின்னன் சொன்னார்.

"ரெண்டு வாசல் ஆவாதுன்னு சொல்றவரு நீங்கதானுங்களே?"

"ஒத்த வாசலை வெச்சும் ஊடு ரெண்டாயிதான் கெடக்குது. நீங்க ஒடைங்க."

திசை பார்க்கவேண்டாமா என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டதற்குச் சின்னன் கரிக்கோட்டைக் காட்டினார். நான்கு நாளில் வேலை முடிந்தது. பழைய பலாப் பலகையில் ஒற்றைக் கதவு, வாசலுக்கு வெளியே குடம் இறக்க ஒரு கல் மேடை. முன்படியில் ஆடிய கல்லைப் பெயர்த்து அவரே சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பதித்தார். பிறகு நசுங்கின குடத்தைச் சாலைக்குக் கொண்டுபோய் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார். ஒண்டிக்கடையில் பொன்னுவேலிடம் சேர்க்கச் சொல்லி, பாத்திரக்காரரிடம் நசுங்கலை எடுத்துக் கொட்டச்சேட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லியனுப்பினார். கூடவே ஒரு வார்த்தை. சமையற்கட்டில் வாசல் வைத்தாயிற்று, அவள் வந்தால் பார்க்கட்டும், வராவிட்டாலும் அது இருக்கும்.

ஆடி முடிந்து ஆவணியில் அவள் வந்தாள். பொன்னுவேல் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் இடுப்பில் பித்தளைக் குடம். முற்றத்தில் நின்று கோணல் வாசலைப் பார்த்தாள், அதற்கு மேலே துணி கட்டித் தொங்கிய சீனத்துக் கண்ணாடியையும் பார்த்தாள். வலது கால் வைத்து அதன் வழியேதான் உள்ளே போனாள். சாமி மாடத்தில் கும்பிட்டாள். பிறகு கூடத்தைக் கடந்து சமையற்கட்டுக்குப் போய், புதுக் கதவின் தாழைத் திறந்து, அதன் வழியே வெளியே இறங்கி ஊற்றுக்குப் போனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த சின்னன், அவள் திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கல் மேடையில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. வெகு சீக்கிரமாகவே கேட்டது.

மறுவருஷக் கடைசியில் அவளுக்குப் பெண் பிறந்தது. எந்த வாசலால் என்று ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். வாஸ்துக்காரர், வடக்கே வாசல் வைத்தது குபேர திசை, அதுதான் வேலை செய்தது என்று கடையில் சொல்லியிருக்கிறார். பொன்னுவேல் முன்வாசலைத் திருப்பியதுதான் என்கிறான். சின்னத்தாயி எதுவும் சொல்வதில்லை. திரும்பிய வாசலால் சின்னனுக்கு ஒரு நஷ்டம் உண்டு. தை மாத வெயில் இப்போது சாமி மாடத்தில் விழுவதில்லை, பக்கத்துச் சுவர் ஓரம் சாமை மூட்டை மேல் விழுகிறது. கூழ்க் குண்டானோடு அவர் அங்கே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முளை அடிப்பதை அவர் விட்டுவிடவில்லை. 1999 தையில் கீழ்வீட்டுச் சித்தன், தன் மகனுக்கு வீடு கட்டவேண்டும் என்று வந்து கூப்பிட்டான். சின்னன் போனார். எல்லோரும் கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கரட்டைப் பார்க்கவில்லை. சித்தன் மருமகளைக் கூப்பிட்டு, "தண்ணி எங்கிருந்து கண்ணு எடுப்பே?" என்று கேட்டார். அவள் கை காட்டினாள். "ஒரு கொடம் நெறச்சுக்கிட்டு வா" என்றார். முளையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வரும்வரை நின்றார்.